அம்மன் அண்டாவில் உப்புக் குளியல்

காஜா பேராங், மலாக்கா
7-7-1957

கமலவேணிக்கு,

இதை எழுதுவது நான். கருணாகரன் வாத்தியார் பக்கத்தில் இல்லை. தாளும் என்னுடையது, கையும் என்னுடையது. பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வரும்போது அடுத்த வீட்டில் சோறு வடிக்கிறார்கள். ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை.

ஒரு வருஷமாக நான் மாலை வகுப்புக்குப் போய்த் தூங்கிவிட்டு வருகிறேன் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய்? இதோ பார். இத்தனை காலம் உனக்குச் சொல்ல வேண்டியதை வேறு ஒருவர் கையில் கொடுத்துத்தான் சொன்னேன். "நலம், பசு கன்று ஈன்றது" என்பதற்கு மேல் அவர்களிடம் என்ன சொல்ல முடியும்? இனி எதையும் சொல்லலாம். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

மல்லிகாவுக்குப் பிரசவம் ஆகிவிட்டதா? சிரம்பானில் சம்பந்தி வீட்டில் உனக்கு வசதியாக இருக்கிறதா?

இங்கே செய்தி இதுதான். மெர்டேக்கா சுதந்திர விழாவை ஒட்டி நடைப்போட்டி வைக்கிறார்கள். கிளேபாங்கில் தொடங்கி, நம் வாசலில் போகிற சடக்கு வழியாகச் செமாபோக் போய்த் திரும்பி, பண்டார் ஹிலிர் திடலில் முடிகிறது. வயதானவர்களுக்குத் தனிப் பிரிவு. நான் பெயர் கொடுத்துவிட்டேன். கையெழுத்தும் போட்டேன். பால் குவளையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரையே சுற்றிய கால், மாடுகளை விற்றதிலிருந்து சும்மா கிடக்கிறது.

விடியும்போது கிளேபாங் வரை போய் வருகிறேன். போகும்போது ராஜா. வந்து உட்கார்ந்தால் தொடை கருங்கல்லாக இறுகிவிடுகிறது. கக்கூஸில் குந்த முடியவில்லை. இதை வாத்தியாரை விட்டு எழுதச் சொல்ல முடியுமா, சொல்.

வாத்தியார் வாலிபத்தில் சைக்கிள் பந்தயம் ஓடியவர். அவர் சொன்னார்: "ஐயா, பேதி உப்பு வாங்குங்க."

எனக்குக் குலை நடுங்கிவிட்டது. தோட்டத்தில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வரிசையில் நிற்க வைத்து வாயைப் பிளந்து ஊற்றுவானே, அதே உப்பு. "வேணாங்க வாத்தியாரே, வாசலுக்கும் கக்கூஸுக்குமே நான் பந்தயம் நடக்கணும்" என்றேன்.

"குடிக்கச் சொல்லல ஐயா. வெந்நியில கரைச்சுக் காலை ஊற வைங்க. நாங்கல்லாம் அப்படித்தான் செஞ்சோம்."

பேச வராவிட்டாலும் நம் தமிழ் புரிகிற பக்கத்து வீட்டுச் செட்டிக் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுவிட்டு, அது குடிக்கிற உப்பு, குளிக்கிற உப்பு இல்லை என்று மலாயில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். சீனக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தெய்வநாயகம்


சிரம்பான்
14-7-1957

மல்லிகா அப்பாவுக்கு,

பேரன் பிறந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை விடியலில். மல்லிகா நலம். குழந்தைக்கு உங்கள் நெற்றி. காலைப் பார்த்தால் அதுவும் உங்களுடையதுதான் போலிருக்கிறது, ஓயாமல் உதைக்கிறான்.

உங்கள் கடிதத்தை முதலில் கிணற்றடியில் வைத்துப் படித்தேன். பிறகு அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் இன்னொரு தடவை. சம்பந்தியம்மா பாக்கியலட்சுமி, "யாரு எழுதினது, எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கே" என்று கேட்டார். "மல்லிகா அப்பா" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டேன். எழுதுவதால் சொல்கிறேன்.

அறுபது வயதுக்கு மேல் நடைப்போட்டி எதற்கு என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் நடப்பீர்கள். காலை ஊற வைக்க வேண்டுமானால் துணி துவைக்கிற பேசினை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரம் எதையும் தொடாதீர்கள்.

ஆடி மாதம் வருகிறது. கோயில் அண்டா நம் கொட்டகையில் வெள்ளைத் துணி போட்டுக் கவிழ்த்தபடி இருக்கிறது. கூழ் காய்ச்ச எடுத்துப் போக வருவார்கள். இந்த வருஷம் புளி போட்டுத் தேய்த்துக் கொடுக்க நான் இல்லை. பக்கத்துத் தெரு ஜெயாவைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கமலவேணி


காஜா பேராங்
28-7-1957

கமலவேணிக்கு,

பேரன்! தெரு முழுவதும் சொல்லிவிட்டேன். கற்கண்டு வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கும் ஒரு கடிதம் எழுதுவேன், அவன் படிக்கிற வயது வரட்டும்.

நீ சொன்னபடி பேசினில் காலை வைத்துப் பார்த்தேன். கணுக்கால் வரைதான் வருகிறது. என் வலி தொடையிலும் இடுப்பிலும். இடுப்பு வரை முங்க வேண்டும் என்று வாத்தியார் சொல்கிறார். வெள்ளைக்காரர் வீட்டில் படுத்துக் குளிக்கிற தொட்டி இருக்கும். நமக்கு எங்கே?

கொட்டகையில் நின்று யோசித்தேன். எதிரே அண்டா.

எனக்கே சிரிப்பு வந்தது. நான் தேடிய தொட்டி என் வீட்டிலேயே இருக்கிறது! துணியை எடுத்துவிட்டு நிமிர்த்தி வைத்தேன். மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீர் காய வைத்து ஊற்றி, உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டுக் கரைத்தேன். முதலில் கிணற்றடியில் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டேன், பயப்படாதே. கோவணத்தோடு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் மேலே நின்றன. மற்றதெல்லாம் வெந்நீருக்குள்.

கமலவேணி, அந்தச் சுகத்தை எழுத என்னிடம் இன்னும் சொற்கள் இல்லை. வெளியே வெயில், ஓலை வழியாக ஒளி வருகிறது, தொடைக்குள் இருந்த கல் மெல்லக் கரைகிறது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். மறுநாள் செமாபோக் வரை போய் நிற்காமல் திரும்பினேன். அதிலிருந்து நீண்ட நடை போகிற நாளில் எல்லாம் மத்தியானம் அண்டாவில்தான்.

ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்துத் துணியையும் போட்டுவிடுகிறேன். ஜெயாவைக் கூப்பிடவில்லை. பளபளவென்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
தெய்வநாயகம்


சிரம்பான்
2-8-1957

மல்லிகா அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். ஞாயிறு ஆடிக் கூழ்.

உங்களுக்குப் புத்தி எங்கே போயிற்று? அது அம்மன் பாத்திரம். அதைத் தொட வேண்டுமானால் நான் தலைக்குக் குளிக்கிறேன். தூரமான நாட்களில் கொட்டகைப் பக்கம்கூடப் போனதில்லை. நீங்கள் கோவணத்தோடு அதில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறீர்கள். சோப்புப் போட்டுக் குளித்தாராம்!

உடனே செய்ய வேண்டியது: அண்டாவைக் கொடுக்காதீர்கள். அடியில் ஒழுகுகிறது, ஈயம் பூச வேண்டும் என்று சொல்லுங்கள். வேறு அண்டா இரவல் வாங்கிக்கொள்வார்கள். பிறகு புளியும் சாம்பலும் போட்டுத் தேயுங்கள், கை வலிக்கும்வரை. நான் வந்து மீதியைப் பார்த்துக்கொள்கிறேன்.

யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். வாத்தியாரிடமும். நல்ல வேளை இதை அவர் கையால் எழுத வைக்கவில்லை.

வலி போனது வெந்நீரால். உப்பால் அல்ல. இதற்கு அண்டா வேறு.

கமலவேணி


காஜா பேராங்
8-8-1957

கமலவேணிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கூழ் ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் தலைவர் கணேசமூர்த்தி ஆட்களோடு வந்தார். நானே ஒரு பக்கக் காதைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். சிரித்துப் பேசிக்கொண்டே கோயில் வரை நடந்தேன். மறுநாள் நம் தெரு அஞ்சலைதான் வழக்கம்போல் கூழ் கிண்டினாள். நானும் குடித்தேன். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு உட்கார இடம் தெரியவில்லை. நான் படிக்கத் தெரியாதவனாகவே இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. திங்கள் இரவிலிருந்து தெருவில் சில வீடுகளில் வயிற்றுப்போக்கு. யாருக்கும் ஆபத்தில்லை, இப்போது எல்லோரும் சரியாகிவிட்டார்கள். ஆனால் கணேசமூர்த்தி குழாயடியில் எல்லார் முன்னாலும் அஞ்சலையைப் பிடித்துக்கொண்டார்.

"கேழ்வரகு மாவை எப்பக் கரைச்ச? புளிச்சு நாறிப் போனதைக் காய்ச்சினியா? கையைக் கழுவினியா இல்லியா?"

"ஐயா, எம் பேத்திக்கு அந்தக் கூழைத்தான் மொதல்ல ஊட்டினேன். நாறிப் போனதை ஊட்டுவேனா?"

"பேசாத. மெர்டேக்கா அன்னிக்கு ஊரே சாப்புட வருது. நீ அடுப்புப் பக்கம் வர வேணாம். நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வாளியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ வாயைத் திறக்காதே என்று எழுதியது ஒரு பக்கம் இருக்கட்டும். எழுதாவிட்டாலும் அன்றைக்கு எனக்கு வாய் வந்திருக்காது.

மறுநாள் வாத்தியாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கழுவின பாத்திரத்தில் ஒட்டியிருக்கிற பேதி உப்பு வயிற்றைக் கெடுக்குமா என்று. "அது ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஒண்ணும் பண்ணாது ஐயா" என்றார். மழைத் தண்ணீர் கிணற்றில் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் எல்லோரும் செம்படாக் பழத்தை அளவில்லாமல் தின்றிருப்பார்கள் என்கிறார். கேட்டதும் மனம் துள்ளியது. வீட்டுக்கு வருவதற்குள் அந்தத் துள்ளலுக்கே வெட்கமாகிவிட்டது. வயிறு கெட்டது என்னால் இல்லாமல் இருக்கலாம். அஞ்சலையாலும் இல்லையே.

கோயிலிலிருந்து திரும்பி வந்த அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

தெய்வநாயகம்


சிரம்பான்
14-8-1957

மல்லிகா அப்பாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதிக் கிழித்தேன்.

ஒன்றும் செய்யாதீர்கள். சொல்ல வேண்டாம்.

ஏன் என்று உங்களுக்கு எழுத்தில் சொல்கிறேன், நேரில் என்னால் முடியாது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது நான் பால்காரர் பெண்டாட்டி. பிறகு மல்லிகா அம்மா. என் பெயர் எனக்கே மறந்துபோகும்போல் இருந்தது. கோயில் சாமான் அறையில் கூரை ஒழுகுகிறது என்று அந்த அண்டாவை நம் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தார்கள். அதிலிருந்துதான் பெண்கள் வாசலில் நின்று "கமலவேணி அக்கா, அண்டா வேணும்" என்று கூப்பிட்டார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். தேய்த்துத் துடைத்து நான் கொடுத்தால்தான் உலை வைப்பார்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அதோடு அது போய்விடும். என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அஞ்சலைக்கு நான் வந்ததும் ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுக்கிறேன். கணேசமூர்த்தி கோபம் பொங்கல் வரை நிற்காது. அவரே அவளைக் கூப்பிடுவார்.

எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். எனக்கும் அதே நினைப்புதான். ஆனாலும் கேட்கிறேன். சொல்ல வேண்டாம்.

கமலவேணி


காஜா பேராங்
27-8-1957

கமலவேணிக்கு,

சொல்லிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போட்டி ஞாயிற்றுக்கிழமை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து நடந்துகொண்டேதான் இருந்தேன், வீட்டில் இருக்க முடியாமல். அண்டாவை நான் பிறகு தொடவில்லை. ஊற வைக்காத காலோடுதான் போட்டிக்குப் போனேன்.

கிளேபாங்கிலிருந்து நன்றாக வந்தேன். நம் சடக்குக்குள் நுழைந்ததும் எல்லா வாசலிலும் ஆட்கள். "விடாதீங்க நாயகம் அண்ணே!" என்று கை தட்டுகிறார்கள். செட்டிக் கிழவர் கொடியை ஆட்டுகிறார். அஞ்சலை வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. பகல் நேரத்தில், தெருவே வாசலில் நிற்கும்போது, அந்த ஒரு கதவு. உள்ளே பேத்தி அழுகிற சத்தம் கேட்டது, வேடிக்கை பார்க்க விடச் சொல்லி.

மூன்றாவதாக வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது.

திடலில் கணேசமூர்த்தி மாலையோடு நின்றார். நம் தெரு ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். மாலையைப் போட்டுவிட்டு, "இந்த வயசுல இந்தக் காலு! என்னா மருந்து அண்ணே? சொல்லுங்க, நாங்களும் பூசிக்கிறோம்" என்றார்.

"மருந்து இல்ல. பேதி உப்பு."

"குடிச்சுட்டா நடந்தீங்க? அதான் அந்த ஓட்டம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"குடிக்கிறது இல்ல. வெந்நியில போட்டு இடுப்பு முங்க உக்காரணும்."

"அதுக்குப் பெரிய தொட்டி வேணுமே. நீங்க எதுல உக்காந்தீங்க?"

தகர பீப்பாய் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. நீ கேட்டுக்கொண்டதும் நினைவில் இருந்தது, மறந்துவிட்டுச் சொன்னேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"அம்மன் அண்டாவுல" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். ஜெயாவின் புருஷன் என் முதுகில் தட்டி, "அண்ணனுக்குக் குசும்பைப் பாரு" என்றான். ஆகவே மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. முதல் தடவையைவிட அதுதான் கஷ்டம்.

"கூழ் காய்ச்சினீங்களே, அதே அண்டா. அதுக்கு முந்தி நான் பல தடவை உள்ள உக்காந்திருக்கேன். அலம்பித்தான் வெச்சேன். அஞ்சலை மேல ஒரு தப்பும் இல்ல."

கணேசமூர்த்தியின் கை என் மாலை மேலேயே நின்றுவிட்டது. யாரோ பின்னால், "அடப்பாவி, நான் ரெண்டு கிண்ணம் குடிச்சேனே" என்று காறித் துப்பினார்கள். பேண்டு வாத்தியம் ஒரு பக்கம் வாசித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். நான் மாலையைக் கழற்றுவதா போட்டுக்கொண்டே போவதா என்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நேற்றுக் கோயிலில் கூடினார்கள். குருக்களை வைத்துப் புண்ணியாகம் செய்து, ஈயம் பூசி எடுப்பதாக முடிவு. இனி நம் கொட்டகையில் வேண்டாம், அஞ்சலை வீட்டில் இருக்கட்டும் என்றும் முடிவு. ஆட்கள் வந்து தூக்கும்போது பழக்கத்தில் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "நீங்க தொட வேணாம் அண்ணே" என்றார் கணேசமூர்த்தி. மரியாதையாகத்தான் சொன்னார்.

நீ கேட்ட ஒரே ஒன்றை நான் செய்யவில்லை. உன்னிடம் இருந்ததையும் பறித்துக் கொடுத்துவிட்டேன்.

தெய்வநாயகம்


சிரம்பான்
30-8-1957

மல்லிகா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாளைக்கு எல்லோருக்கும் மெர்டேக்கா. எனக்கு வீட்டுக்கு வர முகமில்லை. குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை இங்கே இருப்பதாகச் சம்பந்தியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சந்தோஷம்தான், துணி துவைக்க ஆள்.

ஒன்றுதான் கேட்க வேண்டும். எனக்கு முன்பே தெரியும் என்பதை அவர்களிடம் சொன்னீர்களா? அஞ்சலைக்கு ஏச்சு விழுந்தது தெரிந்த பிறகும் வாயை மூடச் சொன்னது நான்தான் என்று?

மறைக்காமல் எழுதுங்கள்.

கமலவேணி


காஜா பேராங்
4-9-1957

கமலவேணிக்கு,

சொல்லவில்லை. கணேசமூர்த்தி நேராகவே கேட்டார்: "அக்காவுக்கு இது தெரியுமா?" தெரியாது என்றேன். எல்லா உண்மையும் சொன்ன வாயால் அந்த ஒரு பொய்யைச் சொன்னேன். அதற்கு வருத்தப்படவில்லை. ஊர் உன்னைக் குறை சொல்லவில்லை. நீ தாராளமாக வரலாம்.

அஞ்சலையைத் திரும்பச் சமைக்கக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். அவள் வரவில்லை. "குழாயடியில வெச்சுத்தான ஏசுனாரு, குழாயடிக்கே வந்து கூப்புடச் சொல்லு" என்றாளாம். கணேசமூர்த்தி தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார். அதன் பிறகுதான் கரண்டியைத் தொட்டாள்.

மெர்டேக்கா அன்றைக்குப் பந்தி நிறைய ஆள். நான் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் இலையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார். அஞ்சலைதான் எனக்குச் சோறு போட்டாள். நிறையவே போட்டாள். பிள்ளைகள் எனக்கு அண்டாநாயகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள். முதல் நாள் எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டேன். சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

போட்டி முடிந்து நான்கு நாள் காலைத் தூக்க முடியவில்லை. இந்தத் தெருவில் இப்போது எனக்கு ஒரு வாளிகூட யாரும் இரவல் தரமாட்டார்கள். நம் வீட்டு டின்னில் வெறும் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்தேன். வலி குறைந்தது. உப்பா வெந்நீரா என்று வாத்தியாரைக் கேட்டால் அவரும் அடித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார். நீ சொன்னது சரியாக இருக்கலாம்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். பந்தி முடிந்து நான் கை கழுவும்போது அஞ்சலை வந்து, "அக்காவை நெனச்சாத்தான் எனக்கு மனசு ஆறல. பூசை அறை மாதிரி வெச்சிருந்தாங்க அந்தக் கொட்டகையை. திரும்பி வந்து இதை எப்படித் தாங்குவாங்க?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் கையையே கழுவிக்கொண்டிருந்தேன்.

தெய்வநாயகம்


சிரம்பான்
14-9-1957

மல்லிகா அப்பாவுக்கு,

வியாழக்கிழமை மலாக்காவுக்கு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பிரார்த்தனை என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறி, மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்தால் நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள், நானும் கேட்டுக்கொள்வேன்.

அஞ்சலை எனக்காகக் கண் கலங்கினாள் என்று எழுதினீர்களே, அந்த வரிக்கு மேல் என்னால் இங்கே சோறு இறங்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அஞ்சலை வீட்டில் அண்டா கவிழ்ந்திருந்தது. அவளிடம் துணி இல்லை, பேத்தியின் பழைய பாவாடையை விரித்துப் போட்டிருக்கிறாள். "வாங்கக்கா, எப்ப வந்தீங்க, உக்காருங்க" என்று பாயை எடுத்தாள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. நின்றபடியே சொன்னேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"அவரு சொல்லித்தான உங்களுக்குத் தெரியும்க்கா? இப்பத்தான?"

"இல்ல அஞ்சலை. கூழ் காய்ச்சுறதுக்கு முந்தியே தெரியும். ஒன்னைக் கொழாயடியில ஏசினதும் தெரியும். சொல்ல வேணாம்னு எழுதினதே நான்தான்."

பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தாள்.

"அண்ணே சொன்னதைக் கேட்டப்ப எனக்குக் கோவமே வரலக்கா. கெழவன் அண்டாவுக்குள்ள உக்காந்திருக்கிறதை நெனச்சு நானும் எம் பேத்தியும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. தெரியாமச் செஞ்சாரு. நீங்க தெரிஞ்சுல்ல இருந்தீங்க? அத்தனை நாளு நான் கதவைத் தொறக்கல. தண்ணிக்கு இருட்டுன பெறகு போனேன். எங் கையை நானே மோந்து மோந்து பாத்தேன், நாறுதான்னு. அப்பல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றேன்.

"போங்கக்கா. இப்ப என்னால பேச முடியாது."

சேலை கொண்டுபோயிருந்தேன். பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அதை எடுக்காத ஒரு புத்தியாவது எனக்கு இருந்தது.

பிறகு கணேசமூர்த்தி வீட்டுக்கும் போனேன். அவரிடமும் அதையே சொன்னேன். உங்கள் பொய்யை உடைத்துவிட்டேன், கோபிக்காதீர்கள். கேட்டுவிட்டு அவர், "உங்ககிட்ட இதை எதிர்பாக்கலம்மா" என்றார். என்னை அம்மா என்றார். அக்கா என்று கூப்பிடவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. நீங்கள் திடலில் நின்று இரண்டாம் தடவை சொன்னீர்களே, அந்த இரண்டாம் தடவையைப் படித்தபோது எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். இப்போது நானும் இரண்டு இடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது.

அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே போகலாம். அதற்காகச் சிரம்பானில் ஒளிந்துகொண்டிருக்க முடியாது. மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நில்லுங்கள். ரிக்‌ஷா வேண்டாம், நடந்தே போவோம். அண்டாநாயகம் என்று பிள்ளைகள் கத்துவார்கள். கத்தட்டும். சந்து வழி குறுக்கே போக வேண்டாம், அஞ்சலை வீட்டைத் தாண்டியே போவோம். முன்னால் போய்விடாதீர்கள். உங்கள் வேகம் எனக்கு வராது, என் பக்கத்திலேயே வாருங்கள்.

கமலவேணி